அரக்கு வேணாம் சார்

கல்லணையில் தொடங்கிக் காவிரி கடலில் கலக்கும் இடம் வரைக்கும் இரண்டு கரையிலும் சல்லடை போட்டுத் தேடினாலும், மேட்சிங் அண்ணனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி கிடைக்க மாட்டார். நானும் லேசுப்பட்டவன் இல்லை. வீட்டில் கரப்பான்பூச்சி பறந்தால் முதலில் கட்டில் மேல் ஏறுகிறவன் நான்தான். என் மனைவி சுமதி இரண்டாவதாகத்தான் ஏறுவாள், அதுவும் என்னைக் கீழே இறக்குவதற்காக. அப்படிப்பட்ட நானே மேட்சிங் அண்ணன் பக்கத்தில் நின்றால் எல்லைச்சாமி மாதிரித் தெரிவேன்.

மின்விசிறிக்கு நேர் கீழே அவர் உட்கார மாட்டார். குக்கர் வைத்திருக்கும் வீட்டுக்குப் போனால் மூன்றாவது விசில் அடங்கும் வரை வாசலிலேயே நிற்பார். ரயில்வே கேட் மூடியிருந்தால் அவருக்கு நிம்மதி, ரயில் வருகிறது என்று தெரிகிறதே. திறந்திருந்தால்தான் வம்பு. சைக்கிளை விட்டு இறங்கி, இந்தப் பக்கம் பார்த்து, அந்தப் பக்கம் பார்த்து, அதுவும் போதாமல் எதிரே வருகிறவரை நிறுத்தி, "ஏங்க, அந்தப் பக்கம் ரயில் ஏதும் வருதுங்களா?" என்று கேட்பார். வந்தவர் 'இல்லை' என்று சொன்னால், "நல்லாப் பாத்தீங்களா?" என்பார்.

அவருடைய நிஜப் பெயர் எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. கும்பகோணத்தில் ஒரு மேட்சிங் சென்டரில் இருபத்தைந்து வருடமாக ரவிக்கைத் துணி கிழிக்கிறவர். புடவையைக் கொண்டுபோய்க் காட்டினால் போதும். தலையைத் திருப்பாமல் பின்னால் கையை விட்டு அலமாரியிலிருந்து ஒரு துணியை உருவிப் போடுவார். புடவைக்கும் துணிக்கும் நடுவில் கோடு போட்டால்கூடத் தெரியாது. ஆனாலும் அதோடு விட மாட்டார். "வெளிச்சத்துக்கு வாங்கம்மா" என்று கடைக்கு வெளியே நடுத்தெருவுக்கு அழைத்துப்போய், புடவையையும் துணியையும் வெயிலில் பிடித்துக் காட்டிவிட்டுத்தான் கிழிப்பார். டியூப் லைட்டை அவர் ஜென்மத்துக்கும் நம்பியதில்லை.

இப்படி ஒருவர் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வந்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் கம்பெனியில் மொத்தம் ஏழு பேர். ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே மூன்றாவது மாடி. முதலாளி பாஸ்கரன் வெளிநாட்டில் இருந்துவிட்டு, சொந்த ஊரில் தொழில் செய்தே தீருவேன் என்று வந்தவர். நான் அங்கே சாஃப்ட்வேருக்குத் தமிழில் விளக்கக் குறிப்பு எழுதுகிறவன், அதைச் சோதித்துப் பார்க்கிறவன், டீ சொல்லுகிறவன். நாங்கள் செய்துகொண்டிருந்தது தோல் டாக்டர்களுக்கான ஒரு சாஃப்ட்வேர். உடம்பில் இருக்கிற மச்சங்களையெல்லாம் படம் எடுத்து, ஒவ்வொரு மச்சத்தையும் சுற்றி ஒவ்வொரு நிறத்தில் ஒரு வளையம் போட்டு வைத்துவிடும். அடுத்த மாதம் மறுபடி படம் எடுத்து, பழசையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும். மச்சம் பெரிதாகியிருக்கிறதா, உருவம் மாறியிருக்கிறதா என்று மனிதக் கண்ணால் பார்த்து, 'மாற்றம் உண்டு' அல்லது 'மாற்றம் இல்லை' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். மச்சங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சாது. எங்கேயோ ஒன்று புற்றுநோயாக மாறும். அந்த ஒன்றைப் பிடிப்பதற்குத்தான் இத்தனை ஏற்பாடு.

வளையத்துக்கு இருபத்து நான்கு நிறம் வேண்டும், ஒன்றோடு ஒன்று குழம்பக் கூடாது. எங்கள் டிசைனர் கணக்குப் போட்டு இருபத்து நான்கைக் கொண்டுவந்தார். வெள்ளைக்காரத் தோலில் வைத்துப் பார்த்தால் ஜோராக இருந்தது. நம் தோலில் வைத்தால் ஆரஞ்சு காணாமல் போனது, பழுப்பு பத்தடி ஆழத்துக்குப் போனது, மூன்று பச்சைகளில் எது எது என்று அதைப் போட்ட டிசைனருக்கே தெரியவில்லை. முதலாளியின் மனைவிதான், "இதுக்குப் போயி ஏன் இவ்வளவு அல்லாடுறீங்க? எங்க மேட்சிங்காரரைக் கூப்பிடுங்க" என்றார்.

மறுநாள் காலை மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க, கையில் ஒரு பெரிய சாவிவளையத்தோடு வந்து நின்றார். சாவிக்குப் பதிலாக அதில் நூற்றுக்கணக்கான துணித்துண்டுகள் கோத்திருந்தன, ஒவ்வொன்றும் தபால்தலை அளவு. மின்விசிறியைப் பார்த்தார். நாற்காலியை மூன்றடி தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்.

"எல்லாரும் கையை நீட்டுங்க" என்றார்.

ஏழு கை நீண்டது. ஒவ்வொரு கையின் மேலும் துணித்துண்டை வைத்து வைத்துப் பார்த்தார். "உங்களுது கோதுமை. மேடத்துது சந்தனத்துல ஒரு சொட்டு காப்பி. உங்களுது பனைவெல்லம் சார்" என்றார் என்னிடம். வெல்லம் என்று சொன்னதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை.

அன்று முதல் தினமும் காலையில் இரண்டு மணி நேரம் வந்துவிட்டுக் கடைக்குப் போவார். அவர் வாயில் நிறம் என்ற சொல் தனியாக வந்து நான் கேட்டதில்லை. கிளிப்பச்சை, ராமர் பச்சை, மாந்தளிர், மயில்கழுத்து, வாடாமல்லி, கனகாம்பரம், வெங்காயத்தோல், கத்திரிப்பூ என்று ஊர்வலமாகத்தான் வரும். டிசைனர் நிறத்துக்கு ஆறு எழுத்தும் எண்ணும் கலந்து ஒரு குறியீடு சொன்னால் இவர் பயந்து, "அதுல கரண்ட் இருக்குமா?" என்பார்.

சோதனைக்கு மச்சம் வேண்டுமே? நாங்கள் ஏழு பேரும் எங்கள் மச்சங்களையே கொடுத்தோம். எனக்கு ஏழு. முதலாவது இடது குதிகாலில், உள்பக்கமாக, ஒரு மிளகு அளவில். அண்ணன் அத்தனை பேருடைய மச்சத்துக்கும் பொருத்தமான துணித்துண்டைத் தேடி எடுத்து, பின்னால் பால்பாயிண்ட் பேனாவில் பெயர் எழுதி வளையத்தில் கோத்துக்கொண்டார். என் குதிகாலுக்குக் காப்பிக்கொட்டை. எதற்கு இது என்று கேட்டேன். "ஒரு பயத்துக்குத்தான் சார்" என்றார். அவர் செய்கிற எல்லாவற்றுக்கும் காரணம் அது ஒன்றுதான்.

நிறம் தேர்ந்தெடுக்கிற வேலை நான்கு நாள் நடந்தது. ஒரு நிறமும் சும்மா இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மஞ்சள் வைத்தால் காமாலை என்று நினைப்பார்கள் என்றார் ஒருவர். வெள்ளை வைத்தால் வெண்குஷ்டம். கறுப்புக்குப் பக்கத்தில் சிவப்பு வந்தால் ஒரு கட்சிக் கொடி. அதை மாற்றி நடுவில் வெள்ளையை வைத்தால் இன்னொரு கட்சிக் கொடி. ஒரு ஆளின் முதுகில் நாலு மச்சம் இருந்தால் கூட்டணியே அமைந்துவிடும் போலிருந்தது. "சார், என் பேரு எங்கயும் வராதில்ல?" என்று அண்ணன் அரை மணிக்கொரு தடவை கேட்டுக்கொண்டார். கடைசியில் இருபத்து நான்கு நிறமும் அமைந்தன. முதல் மச்சத்துக்கு மிளகாய்ப்பழச் சிவப்பு. ஏழு பேர் தோலிலும் பளிச்சென்று நின்றது.

அந்தச் சிவப்பால் வந்தது வினை.

மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக் கல்யாண மண்டபத்தில் தோல் பரிசோதனை முகாம் ஒன்று நடந்தது. எங்கள் சாஃப்ட்வேரை முதன்முதலாக வெளியாட்கள் மேல் சோதிக்கிறோம். சம்பா நடவு முடிந்த நேரம், ஊரே ஓய்வாக இருந்தது, நல்ல கூட்டம். முதலில் வந்தவர் கலியமூர்த்தி என்ற விவசாயி. தோளில் இருந்த மச்சத்தைப் படம் எடுத்தோம். திரையில் சிவப்பு வளையம் விழுந்தது. மனிதர் அப்படியே நின்றார்.

"என்ன தம்பி, செவப்புக் காட்டுது?"

"அது சும்மா அடையாளத்துக்குங்க. ஒண்ணாம் நம்பர் மச்சம், அவ்வளவுதான்" என்றேன்.

"ஒண்ணாம் நம்பரா? அப்ப எல்லாத்தையும் விட மோசமா?"

"அப்படியில்லீங்க..."

"ஒளிக்காதீங்க தம்பி. சம்பா அறுப்பு வரைக்கும் தாங்குவேனா?"

பக்கத்தில் நின்ற அவர் மனைவி, "நட்டு பதினஞ்சு நாளுகூட ஆவலையே!" என்று குரல் எடுத்தார். அடுத்தவர் வந்தார். அவருடைய முதல் மச்சத்துக்கும் சிவப்பு. மூன்றாவது ஆளுக்கும் சிவப்பு. யாருடைய உடம்பாக இருந்தாலும் முதல் மச்சத்துக்கு முதல் நிறம்தானே விழும்? இந்தச் சங்கதி எங்களுக்குத் தெரியும், வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியாது. "மூணு பேருக்கும் செவப்புன்னா தண்ணியிலதான் ஏதோ இருக்கு" என்று ஒருவர் ஆராய்ந்து அறிவித்தார். அடுத்த பத்து நிமிஷத்தில் மண்டபத்தில் நாங்களும் நாற்காலிகளும்தான் இருந்தோம். மேட்சிங் அண்ணனைத் தேடினோம். சமையல்கட்டில் சாம்பார் அண்டாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

கலியமூர்த்தியின் கேள்வியை நான் வீட்டில் நடித்துக் காட்டினேன். சுமதியும் என் பெண்ணும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "சிவப்பைத் தூக்குங்க. பாக்குறவங்க பயப்படக் கூடாது. மங்களகரமா ஏதாவது போடுங்க." முகூர்த்தப் புடவை நிறத்தைவிட மங்களகரம் எது? அரக்கு என்று முடிவானது. எல்லாருக்கும் திருப்தி, அண்ணனைத் தவிர.

"அரக்கு வேணாம் சார்" என்று மெதுவாக ஆரம்பித்தார். "அது நம்ம தோலுக்குச் சொந்தக்காரன். மச்சத்துக்கும் சொந்தக்காரன். பக்கத்துல வச்சா எது எங்க முடியுதுன்னு தெரியாது."

"நீங்க எதுக்குத்தான் அண்ணே பயப்படல?" என்றார் முதலாளி. எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

எதிர்த்துப் பேசவும் அவருக்குப் பயம், சொல்லாமல் இருக்கவும் பயம். ஒரு காகிதத்தில் 'அரக்கு வேணாம் சார்' என்று எழுதி, முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அவருடைய கம்ப்யூட்டரில் ஒட்டிவிட்டு மூன்று மாடியையும் ஓட்டமாக இறங்கிப் போய்விட்டார். முதலாளி வந்து அதைக் கிழித்து மேசை டிராயரில் போட்டார். அரக்கு நிலைத்தது.

அதன்பின் பதினொரு மாதம். மாதத்தின் முதல் தேதியில் நாங்கள் எங்கள் மச்சங்களைப் படம் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்போம். என் குதிகாலைச் சுற்றி அழகான அரக்கு வளையம். ஒரு கையில் டீ கிளாஸ், ஒரு கையில் மவுஸ். மாற்றம் இல்லை, மாற்றம் இல்லை, மாற்றம் இல்லை. பதினொரு தடவை நானே அழுத்தினேன்.

ஐப்பசி அடைமழையில் ஒரு காலை. தெருவெல்லாம் கணுக்கால் தண்ணீர். அலுவலக வாசலில் என் செருப்பு வார் அறுந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு படி ஏறினேன். எனக்கு நாலு படி பின்னால் மேட்சிங் அண்ணன், சுவரை ஒட்டி, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. மழை விட்டு, இரண்டாவது மாடித் திருப்பத்து ஜன்னலில் சுள்ளென்று வெயில் அடித்தது. நான் அடுத்த படிக்கு இடது காலைத் தூக்கினேன்.

"சார், நில்லுங்க!"

"என்னண்ணே, பாம்பா?" நானும் கைப்பிடியைக் கட்டிக்கொண்டேன்.

"காலைத் தூக்குங்க. இல்ல, கீழ வாங்க. வெளிச்சத்துக்கு வாங்க."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. எதற்கும் யார் கையையும் பிடித்து இழுக்காத மனிதர் என் மணிக்கட்டைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துவந்தார். டீக்கடைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நான் ஒற்றைக்காலில் நின்றேன். அவர் சேற்றில் மண்டியிட்டு என் இடது பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, சாவிவளையத்தில் என் பெயர் எழுதிய துண்டைத் தேடிப் பிடித்தார். கூட்டம் கூடாமல் இருக்குமா? "முள்ளா?" என்றார் ஒருவர். "கால் ஆணி. எருக்கம்பால் வைங்க, விழுந்துடும்" என்றார் இன்னொருவர். டீக்கடைக்காரர் அதற்கு மட்டும் ஒரு நிமிஷம் டீ ஆற்றுவதை நிறுத்தி, "லாடம் அடிக்கிறாங்களா?" என்றார்.

அண்ணன் காப்பிக்கொட்டைத் துண்டை மச்சத்தின் மேல் வைத்தார், எடுத்தார். மறுபடி வைத்தார். பிறகு கத்திரிப்பூ. பிறகு ஏதோ ஒரு கரு நீலம்.

"நடுவுல காப்பிக்கொட்டை அப்படியே இருக்கு சார். ஓரத்துல ஒரு பக்கமா கத்திரிப்பூ வந்திருக்கு. அதுக்கும் வெளிய கருநீலம். ஒரே துணியில மூணு கலர் வந்தா சாயம் ஓடுதுன்னு அர்த்தம்."

"நாலு நாளைக்கு முன்னாடிதான் பார்த்தேன். மாற்றமே இல்லண்ணே."

"எதுல பாத்தீங்க?"

மேலே ஓடினோம். என் படங்களைத் திறந்தேன். பழசும் புதுசும் பக்கத்தில் பக்கத்தில், இரண்டையும் சுற்றி அரக்கு வளையம். ஒன்றும் தெரியவில்லை. "பாத்தீங்களா?" என்று நான் வெற்றியோடு சொன்னபோது, அண்ணன் டிசைனரிடம், "அந்த அரக்கை எடுத்துட்டுக் கிளிப்பச்சை போடுங்க" என்றார். வளையம் பச்சையானது. அவ்வளவுதான். வளையத்தின் ஓரமென்று இத்தனை நாள் நான் நினைத்துக்கொண்டிருந்த இடத்தில், நண்டுக்கால் மாதிரி ஒரு கரு ஊதா விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. முந்தின மாதத்தைத் திறந்தோம். அதிலும் இருந்தது, கொஞ்சம் சின்னதாக. அதற்கு முந்தின மாதம், இன்னும் சின்னதாக. ஐந்து மாதமாக அது வளர்ந்திருக்கிறது. யாரும் பயப்படக் கூடாது என்று நாங்கள் ஆசைப்பட்டுப் போட்ட நிறம் அதை மடியில் வைத்து மறைத்திருக்கிறது.

"ஒண்ணும் இருக்காது" என்றார் முதலாளி. டிசைனரும் அதையே சொன்னார். வீட்டுக்குப் போனால் சுமதியும், முகம் வெளுத்துப்போய், அதையே சொன்னாள். சொன்ன ஒவ்வொருவரும் அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். சுமதிக்கு விட்டு விட்டுக் காய்ச்சல், அவளால் வர முடியவில்லை. பஸ் ஸ்டாண்டில் மேட்சிங் அண்ணன் குடையோடு நின்றுகொண்டிருந்தார். அவர் பஸ்ஸில் போவதில்லை. டயர் வெடிக்கும், பிரேக் போகும், ஓட்டுநருக்கு மயக்கம் வரும். "நீங்க எதுக்குண்ணே?" என்றேன். அவர் ஏறி, நடுவில் ஒரு இருக்கையைப் பிடித்து, முன்கம்பியைக் கட்டிக்கொண்டார். பாபநாசம் தாண்டும் வரை கண்ணைத் திறக்கவில்லை. இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல். சம்பா பச்சை கட்டி நின்றது. எனக்குத் திடீரென்று கலியமூர்த்தி ஞாபகம் வந்தது. அவரிடம் வயல் இருந்தது, அறுப்பு வரை என்று கேட்டார். என்னிடம் வயல் இல்லை. பெண் ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அவள் பரீட்சை வரைக்கும் தாங்குவேனா? அந்த மனிதரை நடித்துக் காட்டிச் சிரித்த வாய் இது. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

"பயமா இருக்கா சார்?" என்றார் அண்ணன், கண்ணைத் திறக்காமலே.

"ஆமாண்ணே."

"எனக்கும்தான் சார். பயப்படுங்க. தப்பில்ல."

நேற்றிலிருந்து யாரும் எனக்குச் சொல்லாத ஆறுதல் அதுதான். பஸ்ஸில் நான்கு பேர் பார்க்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு நாலாவது மாடி. படி மூடிக் கிடந்தது, பெயிண்ட் அடிக்கிறார்களாம். லிஃப்ட்தான். அண்ணன் லிஃப்டைப் பார்த்தார். லிஃப்ட் வாயைத் திறந்து அவரைப் பார்த்தது. "நீங்க கீழயே இருங்கண்ணே" என்றேன். அவர் என் சட்டையின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். நாலு மாடிக்கும் அவருக்குத் தெரிந்த சாமி பெயரெல்லாம் வந்தது. தாராசுரத்தில் தொடங்கிச் சீர்காழி வரைக்கும் ஒரு கோயிலும் விடவில்லை.

மேலே ஒரு படிவம் கொடுத்தார்கள். உடன் வந்தவர் பெயர் என்று ஒரு கட்டம். ஒரு வருடத்துக்கும் மேலாகத் தினமும் பார்க்கிற மனிதரின் பெயர் எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் கூச்சமாக இருந்தது. படிவத்தை அவரிடமே நீட்டினேன். அவர் பெயரை எழுதினார், உறவு என்ற கட்டத்துக்கு வந்து பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு 'அண்ணன்' என்று எழுதிவிட்டு, "பொய் எழுதினா ஏதும் கேஸ் ஆவுமா சார்?" என்றார்.

டாக்டர் ஒரு கண்ணாடியை வைத்து என் குதிகாலை வெகுநேரம் பார்த்தார். ஒரு துண்டு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்ப வேண்டும் என்றார். மரத்துப்போக ஊசி எடுத்தார்கள். தடாலென்று ஒரு சத்தம். ஊசி எனக்கு, மயக்கம் அண்ணனுக்கு. நர்ஸம்மா என்னை அப்படியே விட்டுவிட்டு முதலில் அவருக்குத் தண்ணீர் தெளித்தார். "பேஷண்ட் யாரு இதுல?" என்று டாக்டர் கேட்டது நியாயமான கேள்விதான்.

முடிவு வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளில் நான் எத்தனை தடவை செத்தேன் என்று கணக்கில்லை. சவரம் செய்யும்போது கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தால் யாரோ போலிருக்கும். பெண் பாடம் படிக்கிற சத்தம் கேட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன். மேட்சிங் அண்ணன் தினமும் கடைக்குப் போகிற வழியில் வருவார். சமையலறையை எட்டிப் பார்த்து, குக்கர் அடுப்பில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு உள்ளே வருவார். ஆறுதல் சொல்ல மாட்டார். எனக்கு எதிரே உட்கார்ந்து அரை மணி நேரம் என்னோடு சேர்ந்து பயப்படுவார். பிறகு எழுந்து, "நாளைக்கு வரேன் சார்" என்று போவார்.

பத்தாவது நாள் மறுபடி பஸ், மறுபடி லிஃப்ட். டாக்டர் காகிதத்தைப் பார்த்துச் சொன்னார். அது கெட்ட மச்சம்தான். ஆனால் மேல்தோலோடு நிற்கிறது, ஆழத்துக்கு இறங்கவில்லை. சுற்றிலும் இன்னும் கொஞ்சம் வெட்டி எடுத்துவிட்டு, தவறாமல் வந்து காட்டிக்கொண்டிருந்தால் போதும். "இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தீங்கன்னா என்னால இப்படிச் சொல்லியிருக்க முடியாது" என்றவர் நிமிர்ந்து, "இதை யாரு கண்டுபிடிச்சது?" என்று கேட்டார்.

"சத்தியமா நான் இல்ல சார்" என்றார் அண்ணன், எழுந்து நின்று.

மூன்று வருடம் ஆகிவிட்டது. குதிகாலில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஒட்டுப் போட்டிருக்கிறது, நடந்தால் லேசாகச் சாய்வேன். பெண் பரீட்சை எழுதி, கல்லூரிக்கும் போய்விட்டாள். கலியமூர்த்தி அந்தச் சம்பாவையும் அறுத்தார், அதற்குப் பிறகு வந்த எல்லாவற்றையும் அறுத்தார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். சாஃப்ட்வேரில் அரக்கு இல்லை. முதலாளி டிராயரிலிருந்து அந்தக் கிழிந்த காகிதத்தை எடுத்து, ஒட்டுப் போட்டு, எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் சுவரில் மாட்டியிருக்கிறார். அண்ணன் அதைப் பார்த்த அன்று, "யாரும் கோவிச்சுக்க மாட்டாங்களே?" என்றார்.

தஞ்சாவூரில் டாக்டர் தவறாமல் பார்க்கிறார், பெரிய பெரிய மெஷினெல்லாம் வைத்து. எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறார். இருந்தாலும் மாதத்தின் முதல் தேதி காலையில் நான் மேட்சிங் சென்டருக்குப் போய்விடுவேன். ரவிக்கைத் துணிக்கு நிற்கிற பெண்களெல்லாம் காத்திருக்க, "வெளிச்சத்துக்கு வாங்க சார்" என்று என்னை நடுத்தெருவில் ஒற்றைக்காலில் நிறுத்திவைத்து, அந்தத் தழும்பைப் பார்ப்பார்.

போன முதல் தேதி வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். "என்னண்ணே?" என்றேன். "சந்தனம் சார். சுத்தமான சந்தனம்" என்றார். வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தபோது அவர் சட்டைப்பையிலிருந்து ஏதோ தவறி விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு தபால்தலை அளவுத் துணி, பின்னால் என் பெயர், வேர்வையில் ஊறிப் பாதி அழிந்திருந்தது.

"அதான் மச்சமே போயிடுச்சே. இன்னுமா இதை வச்சிருக்கீங்க? தூக்கிப் போடுங்கண்ணே."

"பயமா இருக்கு சார்" என்றார்.

நான் அதை அவர் பைக்குள் திரும்ப வைத்து, மறுபடி விழுந்துவிடாமல் உள்ளே நன்றாகத் தள்ளிவிட்டேன்.